அளவு ஜாக்கெட்

8 செப்டம்பர் 2025, திங்கள். திருப்பதி

காலேஜில், உடுப்பைப் பேப்பரில் வரைகிற ட்ராஃப்டிங் வகுப்பில் இன்று மானம் போயிற்று. ரேகா மேடம் என் பிரவுன் பேப்பரை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கி வகுப்பு முழுவதற்கும் காட்டினார். "இது என்ன? கோடு எங்கே? கணக்கு எங்கே?" மற்றவர்கள் ஸ்கேலை வைத்துக்கொண்டு மார்புச் சுற்றளவை நாலால் வகுத்துத் திணறிக்கொண்டிருந்தபோது நான் ஜாக்கெட்டின் முன்பாகத்தை வரைந்து வெட்டியே முடித்திருந்தேன். பாராட்டுவார் என்று வேறு நினைத்தேன். மடச்சி!

எங்கே கற்றாய் என்று கேட்டார். எங்கள் நைனா சித்தூரில் லேடீஸ் டைலர் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். "அதான்" என்றார். அவ்வளவுதான். அந்த 'அதான்' மதியம் சோற்றோடு இறங்கவே இல்லை.

"இங்கே டைலரிங் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அதை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். பொதுவாகவாம்! முப்பது பேரில் டைலர் மகள் நான் ஒருத்திதான்.

அறைத்தோழி கீர்த்தி சூளூர்பேட்டைக்காரி, எதற்கும் அசர மாட்டாள். "விடுடீ, அந்தம்மாவுக்கு வீட்ல சண்டையா இருக்கும்" என்கிறாள். எனக்கு விடத் தெரியாது.

14 செப்டம்பர், ஞாயிறு. சித்தூர்

கடையில் உட்கார்ந்து ஹூக் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு டீச்சரம்மா துணி கொடுக்க வந்தார். "பொண்ணு ஏம் சதுவுதுந்தி?" என்று நைனாவைக் கேட்டார். என்ன படிக்கிறாள் என்று. நைனா கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல், "கம்ப்யூட்டர்" என்றார்.

நான் பக்கத்திலேயே இருக்கிறேன்! கையில் ஊசியோடு! கம்ப்யூட்டராம்.

ஊசியைக் குத்திக்கொண்டதுதான் மிச்சம். ரத்தம் யாருடைய ஜாக்கெட்டிலும் படவில்லை, நல்லவேளை.

என்ஜினீயரிங்கில் சீட் கிடைத்தும் நான் போகவில்லை. ஃபேஷன் டிசைன் டிகிரியில் சேர்ந்தேன். அதுதான் என் குற்றம். "ஊர் பொம்பளைங்க ஜாக்கெட்டத் தெச்சித் தெச்சி என் முதுகு கூனிப் பூட்டுது. எதுக்கு? நீ இந்த மெசினு முன்னாடி குந்தக் கூடாதுன்னுதானே? நீ இன்னாடான்னா ஜாக்கெட்டு தெய்க்கறதுக்கே காலேஜிக்குப் போறேங்கறே!" இது நைனா ஜூன் மாதம் சொன்னது. தையல்காரி ஆகப் போகவில்லை, நைனா. பேட்டர்ன் மேக்கர் ஆகப் போகிறேன். பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு கம்பெனியில், நான் வரைந்த ஒரு பேப்பரைப் பார்த்து ஆயிரம் சட்டை வெட்டுவார்கள். இதைச் சொன்னால், "அப்ப ஆயிரம் ஜாக்கெட்டு தெய்க்கப் போறே" என்கிறார். எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

காலேஜில் சேர்வதற்கு முன்னால் காணிப்பாக்கம் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் அந்தப் பிள்ளையார் முன்னால் சொன்ன சொல்லை யாரும் மீற மாட்டார்கள். நிலத் தகராறு, திருட்டு, குடி எல்லாம் அங்கேதான் சத்தியமாகி முடியும். என்னைக் குளத்தில் முழுக வைத்து, ஈரத்தலையோடு சந்நிதியில் நிறுத்தி, "சொல்லு" என்றார். சொன்னேன். 'ஒரு பாடத்தில் போனாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன், நைனா சொல்கிற காலேஜில் சேருவேன்.' குடிகாரனுக்கும் எனக்கும் ஒரே சாமி, ஒரே சத்தியம்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா வழியாகத்தான் எல்லாம். "அத்த துன்னச் சொல்லு." "அது எப்ப போவுதுன்னு கேளு." நான் 'அது'வாகிவிட்டேன்.

19 செப்டம்பர், வெள்ளி

இன்று யாரும் என்னைத் திட்டவில்லை. அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

26 செப்டம்பர், வெள்ளி

உடம்பில் அளவெடுக்கிற வகுப்பு. இரண்டிரண்டு பேராக நின்று ஒருவருக்கொருவர் டேப் வைக்க வேண்டும். தோள், மார்பு, இடுப்பு, கைக்குழி, முன்கழுத்து, பின்கழுத்து. கீர்த்தி முன்னால் நின்றதும் எனக்குக் கை கூசியது. டைலர் வீட்டுப் பெண் டேப்பைப் பிடிக்கத் தெரியாமல் நின்றேன். எங்கள் கடையில் டேப் துணியை அளக்கும், ஆளை அளக்காது.

நைனாவிடம் வருகிறவர்கள் புதுத்துணியோடு ஒரு பழைய ஜாக்கெட்டையும் கொண்டு வருவார்கள். தங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒன்று. அதுதான் அளவு ஜாக்கெட். அதை மேஜையில் விரித்து, அதைப் பார்த்துத்தான் நைனா வெட்டுவார். வேலை முடிகிறவரை அது சுவரில் ஆணியில் தொங்கும். நான் கற்றதும் அப்படித்தான்.

சாயங்காலம் போனில் இதை அம்மாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள், தெரியாது. நைனா குரல் குறுக்கே வந்தது. "இருவத்தஞ்சி வருசமா ஒரு பொம்பள மேல டேப்பு வெச்சதில்ல நானு. அதனாலதான் எல்லா வூட்டுப் பொம்பளைங்களும் என் கடைக்கு பயமில்லாம வர்றாங்க. இத்தத்தான் அங்க படிப்புன்னு சொல்லிக் குடுக்கறாங்களா?" வைத்துவிட்டார்.

காலேஜில் சேர்ந்த பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. அதுவும் இது! அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். கட்டமஞ்சியில் எங்கள் தெருப் பெண்கள் அவரை 'அண்ணா' என்று கூப்பிடுவது சும்மா இல்லை. ஆனால் நான் என்ன கெட்ட காரியமா செய்தேன்?

9 அக்டோபர், வியாழன்

ப்ராஜெக்ட் கொடுத்துவிட்டார்கள். உண்மையான ஒரு ஆளுக்கு ஒரு உடுப்பு. உடம்பில் அளவெடுத்து, பேப்பரில் வரைந்து, முதலில் மலிவான காடா துணியில் தைத்துப் போட்டுப் பார்த்து, அதற்கப்புறம்தான் நல்ல துணியில் கத்தரி வைக்க வேண்டும். நவம்பர் பதினாலு ஜூரி. வெளியிலிருந்து வந்து பார்த்து மார்க் போடுவார்கள். யாருக்குத் தைத்தோமோ அவரும் வர வேண்டும், உடுப்பைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். இதற்கு மட்டுமே ஒரு பாடத்தின் பாதி மார்க். இதில் போனால் பாடத்தில் போன மாதிரி. பாடத்தில் போனால் பிள்ளையார்.

நகரியில் இருக்கிற பிரீத்திக்காவுக்கு ஜாக்கெட் தைக்கிறேன். அம்மாவின் அண்ணன் மகள். டிசம்பரில் நிச்சயதார்த்தம். மாமா வீட்டு பவர்லூமில் ஓடின துணி, மயில்கழுத்துக் கலர். முதுகு முழுக்க மெல்லிய மடிப்புகள் வைத்து வரைந்திருக்கிறேன். ரேகா மேடம் படத்தைப் பார்த்து "ம்" என்றார். அவருடைய 'ம்' பெரிய விஷயமாம், சீனியர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஒரு வெங்காயமும் பெரிதாகத் தெரியவில்லை.

22 அக்டோபர், புதன். சித்தூர்

தீபாவளி லீவில் நகரிக்குப் போய் பிரீத்திக்காவை அளந்துவிட்டு வருவதாக இருந்தேன். எங்கே போவது? கடையில் துணி மலையாகக் குவிந்திருந்தது. நைனா ஒரு குவியலைத் தூக்கி என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். வேலை வாங்க மட்டும் பேச்சு தேவையில்லை.

மாமாவே வந்தார். பையில் துணியும் ஒரு ஜாக்கெட்டும். "பிரீத்தி குடுத்தனுப்புச்சி, அளவுக்கு" என்றார். பார்த்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. மேஜையில் விரித்து அளந்து, காலேஜ் தாளில் 'உடல் அளவு' என்று போட்டிருந்த எல்லாக் கட்டத்தையும் அதிலிருந்தே நிரப்பிவிட்டேன். ஜாக்கெட் சரியாக இருக்கிறது என்றால் ஆளும் அதே அளவுதானே. இதற்கு நகரி வரைக்கும் போக வேண்டுமா?

காடா துணியில் தைத்துப் பார்ப்பதும் வேண்டாம். தைக்கத் தெரியாதவர்களுக்குத்தான் ஒத்திகை.

8 நவம்பர், சனி

முடித்துவிட்டேன். முதுகு மடிப்பு ஒவ்வொன்றும் அச்சு அடித்த மாதிரி. கீர்த்தி தொட்டுப் பார்த்து, "கௌசிகா, இத எனக்கு விட்டுடு, நிச்சயதார்த்தத்துக்கு வேற தெச்சிக்கோ" என்றாள். வகுப்பில் இன்னும் பாதிப்பேர் காடா துணியைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாருங்கள் ரேகா மேடம். 'அதான்' என்று இப்போது சொல்லுங்கள் பார்ப்போம்.

14 நவம்பர், வெள்ளி

ஹூக் எட்டவில்லை.

திரைக்குப் பின்னால் பிரீத்திக்கா மூச்சை இழுத்துப் பிடிக்கிறாள், நான் இழுக்கிறேன், கீர்த்தி இழுக்கிறாள். மார்புக்கு நேரே இரண்டு ஹூக் எட்டவே இல்லை. தோள் இங்கே வர வேண்டியது அங்கே நிற்கிறது. வெளியே பெயர் கூப்பிடுகிறார்கள். ஊக்கு குத்தி, மேலே துப்பட்டாவைப் போட்டு அனுப்பினேன். பெங்களூர் கம்பெனியிலிருந்து வந்திருந்தவர் துப்பட்டாவை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். பாவம், தலையைத் தூக்கவே இல்லை.

"இது யாருக்காகத் தைத்தது?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

நான் சொன்னேன், "சார், அளவு ஜாக்கெட்ல எப்படி இருந்துதோ அப்படியேதான் தெச்சேன்."

ரேகா மேடம் என் அளவுத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ ஜாக்கெட்டுக்கு ஜாக்கெட் தைத்திருக்கிறாய். ஆளுக்குத் தைக்கவில்லை" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

ஃபெயில். டிசம்பர் ஐந்தாம் தேதி இன்னொரு தடவை காட்டலாம். வேறு உடுப்பு, உடம்பில் எடுத்த அளவு, காடா துணி ஒத்திகை எல்லாவற்றோடும். அப்போதும் பாஸ் மார்க்குக்கு மேலே கிடையாது.

அன்றே, பிறகு

பஸ் ஸ்டாண்டில் பிரீத்திக்கா அழுதுகொண்டே சொன்னாள். அது அவள் ஜாக்கெட்டே இல்லை. அவள் அக்கா ஸ்ரீதேவியுடையது! "எனுக்குன்னு ஒழுங்கா ஒரு ஜாக்கெட்டும் இல்ல கௌசி. எப்பவும் சுடிதார்தானே போட்டுக்கினு இருக்கேன். அம்மாதான் எடுத்துக் குடுத்தாங்க. அக்காளும் தங்கச்சியும் ஒரே சைசுதானேன்னு."

ஒரே சைஸா! ஸ்ரீதேவிக்கா ஒல்லிக்குச்சி! என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? மாமா சொன்னால் என்ன? நான்தான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன... நகரி என்ன அமெரிக்காவா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் போய் டேப் வைத்திருந்தால்!

இதைவிட ஒன்று நெஞ்சை அறுக்கிறது. கடைக்கு யாராவது ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டு வந்து சரியில்லை என்றால் நைனா என்ன சொல்வார்? "அளவு ஜாக்கெட்டுல எப்பிடி இருந்துதோ அப்பிடியேதாம்மா தெச்சேன்." அதே வாக்கியம். இன்று அத்தனை பேர் முன்னால் என் வாயிலிருந்து வந்தது அதே வாக்கியம்தான். சீ!

16 நவம்பர், ஞாயிறு. சித்தூர்

சொல்லிவிட்டேன். மறைத்திருக்கலாம். பிள்ளையாருக்குத் தெரியுமே என்று சொல்லித் தொலைத்தேன்.

நைனா மெஷினை நிறுத்தினார். "பூட்டுதா?"

"பூடல. இன்னொரு வாட்டி காட்டலாம்."

"சாமிகிட்ட இன்னொரு வாட்டின்னு சொன்னியா?"

அவர் சந்தோஷப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிதானமாகச் சொன்னார். அந்த நிதானத்தைத்தான் தாங்க முடியவில்லை. கத்திவிட்டேன். "நீ கத்துக்குடுத்ததுதான் நைனா! ஆளப் பாக்காத, ஜாக்கெட்டப் பாருன்னு நீதானே கத்துக்குடுத்தே! அதனாலதான் பூட்டுது!"

"என்னிய சொல்லாத. இருவத்தஞ்சி வருசத்துல கை புடிக்குது, தோள் எறங்குதுன்னு ஒரு பொம்பள வந்து என் கடைல நின்னதில்ல."

பொய். வந்து நின்றிருக்கிறார்கள், அவர் அதே வாக்கியத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறார், பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத் தையலைப் பிரித்துவிட்டும் கொடுத்திருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா, யாருக்கும் கேட்காத குரலில், "வந்து நிக்கலன்னா கை புடிக்கலன்னு அர்த்தமா" என்றாள். எனக்கு மட்டும்தான் கேட்டது.

18 நவம்பர், செவ்வாய். சித்தூர்

ரிசல்ட் வருகிறவரை காலேஜுக்குப் போகலாம் என்று அம்மா வழியாக உத்தரவு. அப்புறம் பெட்டி. நாளைக்குக் கிளம்ப வேண்டும்.

தைக்க ஆள் இல்லை. பிரீத்திக்காவை இனிமேல் நிச்சயதார்த்தம் முடிகிறவரை வெளியே விட மாட்டார்களாம். கீர்த்திக்குத் தைக்கக் கூடாது, வகுப்பு மாணவிகள் கணக்கில் வர மாட்டார்கள். யாரைக் கூப்பிடுவது?

காலையில் அம்மா பரண் தட்டிலிருந்து தவலையை எடுக்க முக்காலி போட்டு ஏறினாள். என்னைவிட உயரம் அவள். எனக்கே கை எட்டுகிற தட்டு அது. "எதுக்கும்மா முக்காலி?" என்று கேட்டேன். "கைய மேல தூக்கினா ஜாக்கெட்டு புடிக்கும்டி" என்றாள், மழை வரும் என்று சொல்வது போல.

கையைப் பிடித்து இழுத்து, ஜாக்கெட்டை விலக்கிப் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே தோல் கறுத்து, தடித்து, வடுவாகிக் கிடக்கிறது. இன்று நேற்று வந்ததில்லை.

லேடீஸ் டைலர் பெண்டாட்டி! பேசினால் வீட்டை எரித்துவிடுவேன்.

23 நவம்பர், ஞாயிறு. சித்தூர்

நைனா கடைக்குப் போனதும் கதவைச் சாத்தினேன். அம்மாவை நடுக்கூடத்தில் நிறுத்தி டேப் வைத்தேன்.

முதலில் சிரித்தாள். "ஏய், கூசுதுடி! வுடு!" என்று நெளிந்தாள். கலியாணத்துக்கு முன்னால் அவளுக்கு அவள் அம்மாவின் ஜாக்கெட்தான் அளவு. கலியாணத்துக்குப் பிறகு கலியாண ஜாக்கெட்தான் அளவு. கடையில் முதல் ஆணியில் இருபது வருஷமாகத் தொங்குகிற அரக்குக் கலர் ஜாக்கெட் அதுதான். நான் பிறந்தேன், உடம்பு போட்டது, வயசாயிற்று. நைனா பக்கத் தையலில் மட்டும் பெரிசாக்கிக்கொண்டே வந்திருக்கிறார். கை நுழைகிற கைக்குழி மட்டும் அந்தக் கலியாணப் பெண்ணுக்கு இருந்த அதே அளவு.

"நைனாகிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"ஆரம்பத்துல ஒரு வாட்டி சொன்னேன். 'அளவு ஜாக்கெட்டுல இருக்கற மாதிரிதானே தெச்சேன்'னாரு. சரி, இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

இருக்கட்டுமாம்! யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஊர்ப் பெண்களைத் தொடாத நல்ல மனுஷன், கட்டினவளையும் அளக்கவில்லை. இவள் முக்காலி போட்டு ஏறினாள். நான் மட்டும் என்ன? இரண்டு மாதமாக உடல் அளவு, உடல் அளவு என்று பரீட்சைக்கு நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தேன். இவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு இவள் கையைப் பார்க்கவில்லை.

மூன்று தடவை அளந்தேன். வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கிறது. எந்த ஜாக்கெட்டும் இதை எனக்குச் சொல்லியிருக்காது.

30 நவம்பர், ஞாயிறு. சித்தூர்

காடா துணி ஒத்திகை. முதல் தடவை முதுகு தூக்கிக்கொண்டு நின்றது. பிரித்தேன். இரண்டாவது தடவை சரியாக வந்தது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை! "இன்னாடி தொளதொளன்னு கீது. ஜாக்கெட்டு போட்டா மாதிரியே இல்ல." கடித்தால்தான் ஜாக்கெட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"கையத் தூக்கும்மா."

தயங்கித் தயங்கித் தூக்கினாள். காதைத் தாண்டியது, தலையைத் தாண்டியது. மேலேயே வைத்துக்கொண்டு விரலை ஆட்டிப் பார்த்தாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய், பரண் தட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும் ஒவ்வொன்றாக இறக்கினாள். எதற்கும்மா என்றால், "தூசியா கீது" என்கிறாள்.

நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். கோபத்தில்தான்.

5 டிசம்பர், வெள்ளி. திருப்பதி

அம்மா வந்தாள்!

வரமாட்டாள் என்றே நினைத்தேன். நைனா என்ன சொன்னார் என்று கேட்டேன். "திருப்பதி போறேன், சோறு வடிச்சி வெச்சிகீறேன், போட்டுத் துன்னுன்னு சொன்னேன். எதுக்குன்னாரு. உம் பொண்ணு பரீட்சைக்குன்னேன். அப்புறம் ஒண்ணும் கேக்கல" என்றாள். கட்டமஞ்சியைத் தாண்டி அவள் தனியாகப் போனதே கிடையாது.

இலவச பஸ் வந்ததிலிருந்து பெண்களுக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. புத்தலப்பட்டில் இன்னும் ஒரு கூட்டம் ஏறியதாம். சந்திரகிரி வரைக்கும் நின்றுகொண்டே வந்திருக்கிறாள், மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. நான் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். "பஸ்ல எப்பவும் சீட்டு முதுகத்தான் புடிச்சிக்கினு நிப்பேன், ஆளுங்க மேல எல்லாம் சாஞ்சிக்கினு. இன்னிக்கு ஜம்முனு நின்னேன்டி" என்றாள்.

ஜூரியில் இந்த முறை ரேகா மேடமும் இன்னொருவரும்தான். என்னைப் போல மறுபடி காட்ட வந்த மற்றவர்கள் மாடல் மாதிரி பெண்களைக் கூட்டி வந்திருந்தார்கள். அம்மா புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டு நடுவில் போய் நின்றாள். ரேகா மேடம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார். அம்மா இரண்டு கையையும் தூக்கினாள். இறக்கச் சொல்லியும் கொஞ்ச நேரம் இறக்கவில்லை.

"பின்கழுத்து முதுகில் ஒட்டாமல் கால் இன்ச் வாய் திறக்கிறது" என்றார் மேடம். அவ்வளவுதான்! ஒரு நல்ல வார்த்தை சொன்னால் சொத்தா போகும்? அறைக்கு வந்து பார்த்தேன். கால் இன்ச் திறக்கத்தான் செய்கிறது.

19 டிசம்பர், வெள்ளி

பாஸ். பாஸ் மார்க், ஒன்றும் கூட இல்லை. மற்ற பாடங்கள் எல்லாம் நன்றாகவே வந்திருக்கின்றன.

அம்மாவுக்குப் போன் செய்தேன். நைனாவிடம் சொன்னாளாம். "மொதல்ல பூட்டுதா இல்லியா?" என்று கேட்டாராம். பிடித்த பிடியை விடுகிறாரா பார்! சத்தியம் பண்ணினது நான், உடைத்தால் பலன் எனக்குத்தானே? அம்மா சொல்கிறாள், "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ போய் சோறு துன்னு."

2 ஜனவரி 2026, வெள்ளி. சித்தூர்

அம்மா காணிப்பாக்கம் போய்விட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். நைனா பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

18 ஜனவரி, ஞாயிறு. சித்தூர்

நாளைக்கு இரண்டாவது செமஸ்டர் ஆரம்பம். நானாகவே பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்தேன். கட்டு என்று யாரும் சொல்லவில்லை, பிரி என்றும் சொல்லவில்லை. 'எங்க கௌம்பிட்டே' என்று நைனா கேட்டால் சொல்ல வேண்டியதையெல்லாம் காலையிலிருந்து மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

சங்கராந்திக்கு வழக்கம் போல அம்மாவுக்கு ஜாக்கெட் தைத்தார். அதே அரக்கு ஜாக்கெட்டைப் பார்த்து. பண்டிகையன்று அம்மா புதுப்புடவைக்கு என் ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டாள். கலர்கூடப் பொருந்தவில்லை. சண்டையும் போடவில்லை, காரணமும் சொல்லவில்லை. அவர் தைத்தது இன்றைக்கும் கொடியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்து அதைக் கொடியிலிருந்து எடுத்தார். மடித்தார். என் பக்கம் பார்க்காமல், "அந்த பேப்பரு கீதா?" என்றார்.

"எந்தப் பேப்பர்?" தெரிந்தேதான் கேட்டேன்.

"ஒங்கம்மாளுக்கு வரைஞ்சியே."

"கீது."

"குடு."

பெட்டியில் மேலாகவே இருந்தது. எடுத்து நீட்டினால் முடிந்தது. ஆனால் எனக்கு எங்கிருந்தோ பற்றிக்கொண்டு வந்தது. "தர மாட்டேன் நைனா. அதப் பாத்து வெட்டினா அதுவும் இன்னொரு அளவு ஜாக்கெட்டுதான். ஆளு அங்கதானே குந்தினு கீது? நீயே அளவு எடு."

முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "நான் பொம்பளைங்களுக்கு டேப்பு..." என்று ஆரம்பித்தார்.

அம்மா டிவி முன்னால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "பொம்பளைங்களுக்கு வேணாம். எனுக்கு எடு" என்றாள்.

டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதை அணைத்தாள். நான் எழுந்து வெளியே வந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். பிறகு நைனா தொண்டையைச் செருமினார். "கையத் தூக்கு" என்றார். கண்ணாடி வளையல்கள் மேலே போய் மோதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"இந்தக் கைய."

மறுபடி சத்தம். அதற்கப்புறம் ரொம்ப நேரம் எதுவும் இல்லை. அந்த வடுவைப் பார்த்திருப்பார். பார்க்கட்டும்.

"உனுக்கு பஸ்ஸு எத்தினி மணிக்கி?"

உள்ளேயிருந்துதான் வந்தது. யாரைக் கேட்கிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அஞ்சி மணிக்கி" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.